பெட்டி எந்த விடுதிக்குப் போகிறது?

திருப்பூர் பின்னலாடை வட்டாரத்தில் பள்ளி விடுதியும் மில் விடுதியும் ஒரே வயதுப் பெண்களுக்காகக் காத்திருக்கின்றன

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில், கிராமத்துப் பெண்கள் உண்டு உறைவிடப் பள்ளியின் வாசலில் முதலில் கேட்பது தகரப் பெட்டியின் சத்தம். டவுன் பஸ் படிக்கட்டிலிருந்தும் மினி லாரியிலிருந்தும் அப்பாக்களின் தலையிலிருந்தும் பெட்டிகள் இறங்குகின்றன. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் பெயர், வகுப்பு, ஊர். உள்ளே இரண்டு செட் யூனிபார்ம், ஒரு போர்வை, தேங்காய் எண்ணெய், பேன் சீப்பு, துணி சோப்பு, ரிப்பன், பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டும் டம்ளரும், பழைய துணியில் முடிந்த முறுக்கு. பூட்டுச் சாவி கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்குகிறது. கூட வந்த அம்மா வகுப்பறைப் பக்கம் போவதில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய், குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் வார்டன் முன்னால் வந்து உட்காருகிறார்.

பல்லடம், அவிநாசி, உடுமலைச் சாலைகளில் இருக்கும் நூற்பாலைகளின் கேட்டிலும் இதே மாதிரிப் பெட்டிகள் இறங்குவதுண்டு. அங்கே இறங்கும் பெண்ணுக்கு இரண்டு, மூன்று வயது கூட இருக்கலாம். அங்கும் வார்டன் உண்டு, பூட்டிய கேட் உண்டு, மூன்று வேளைச் சோறு உண்டு, ஞாயிற்றுக்கிழமை போன் உண்டு. ஒரு ஏழைக் குடும்பம் மகளின் பெட்டியைக் கட்டும்போது அது எந்த விடுதிக்குப் போகப் போகிறது என்பதுதான் இந்த வட்டாரத்தில் பெண் கல்வியின் உண்மையான கேள்வி. அந்தத் தாய் உறைவிடப் பள்ளியை ஊர்ப் பள்ளியோடு ஒப்பிடுவதில்லை, மில்லோடுதான் ஒப்பிடுகிறார்.

ஐந்து மணிக்கு முதல் மணி

சிறிய உறைவிடப் பள்ளி என்றால் ஐம்பது பேர், மிஞ்சிப் போனால் நூறு பேர். விடியற்காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கிறது. நூறு பேர் குளித்து முடிக்க வேண்டும், குழாயோ நான்கைந்து. மோட்டார் ஓடவில்லை என்றால் அன்றைய நாளே தடம் புரளும். ஆகவே வார்டனின் முதல் கவலை தண்ணீர், இரண்டாவது மின்சாரம். பாடம் அதற்கப்புறம்தான்.

குளித்தபின் தலை பின்னும் நேரம். படிக்கட்டில் மேலிருந்து கீழாகப் பிள்ளைகள் வரிசையாக உட்காருகிறார்கள். மேல்படியில் இருப்பவள் கீழ்ப்படியில் இருப்பவளுக்குப் பின்னுகிறாள், அவள் தனக்குக் கீழே இருப்பவளுக்கு. மேல்படிப் பெண்ணுக்கு மட்டும் சமையல்கார அக்கா வந்து பின்னிவிடுகிறார். புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை வீட்டை நினைத்து அழுவதும், அழுகையை விட்டுச் சிரிக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் இந்தப் படிக்கட்டில்தான் நடக்கின்றன.

சொந்தக் கட்டடம் இல்லாத இடங்களில் பகலில் வகுப்பாக இருக்கும் அறையே இரவில் பாய் விரிக்கும் இடம். பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கினால் அவையே எழுதும் மேசை. ஞாயிறு எண்ணெய்க் குளியல், துணி துவைப்பு, பேன் பார்ப்பது. சாயங்காலம் சுண்டல் அல்லது பொட்டுக்கடலை. இரவு எட்டரைக்கு மேல் படிப்பு, ஒன்பதரைக்கு விளக்கு அணைப்பு.

போன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வார்டனின் கைபேசி ஒன்றுதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம், நாலு நிமிடம். கரும்பு வெட்டப் போன அப்பாவும் செங்கல் சூளைக்குப் போன அம்மாவும் ஊர் மாற மாற எண்ணும் மாறும். மனப்பாடமாக வைத்திருந்த எண்ணை அழுத்தினால் அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்கிறது. அந்தப் பிள்ளை கைபேசியை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் மறுபடி நிற்கிறாள், இன்னொரு தடவை முயன்று பார்க்க.

படிப்பு என்பதும் இங்கே வேறு மாதிரி தொடங்குகிறது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடிக் கூட்டி வருவதால், பன்னிரண்டு வயதில் எழுத்துக் கூட்டத் தெரியாதவளும் ஆறாம் வகுப்பில் உட்காருகிறாள். தாளவாடிப் பக்கத்துப் பிள்ளைக்கு வீட்டு மொழி கன்னடம். மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு அவர்கள் இனத்துக்கென்று உள்ள பேச்சு. முதல் சில மாதங்கள் இணைப்புப் பயிற்சியிலேயே கழிகின்றன. பாடப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் தமிழ் எழுத்து, கூட்டல் கழித்தல், நேரத்துக்குச் சாப்பிடுவது, நோய் வந்தால் சொல்வது. இந்தப் பயிற்சி எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறாது. ஆனாலும் இதை நன்றாகச் செய்யும் பள்ளியில்தான் பிள்ளை தங்குகிறது.

கஸ்தூரிபாவின் பெயரில்

பெண்களைத் தங்கவைத்துப் படிக்கவைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சிஸ்டர் சுப்புலட்சுமி 1912இல் சென்னையில் இளம் விதவைகளுக்காகத் தொடங்கிய சாரதா இல்லம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லம், கிறிஸ்தவ மிஷன்கள் நடத்திய ‘போர்டிங்’ பள்ளிகள் எல்லாம் முன்னோடிகள். கிராமத்துக்கே போய் இதைச் செய்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. உப்புச் சத்தியாகிரகம் நடந்த வேதாரண்யத்தில் 1946இல் அவர் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவினார். கஸ்தூரிபா சிறைக்காவலில் இறந்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

அதே பெயரில் மத்திய அரசு 2004இல் கொண்டுவந்ததுதான் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா, சுருக்கமாகக் கே.ஜி.பி.வி. தமிழ்நாட்டில் இப்பள்ளிகளைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் மூலம் அரசு நடத்துகிறது. ஈரோடு, சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என எழுத்தறிவில் பின்தங்கிய ஒன்றியங்கள் உள்ள மாவட்டங்களில் இவை அமைந்தன. திருப்பூருக்கும் கோவைக்கும் கூலிக்கு ஆள் அனுப்பும் மாவட்டங்களும் இவற்றில் உண்டு.

[பெட்டிச் செய்தி]
கே.ஜி.பி.வி.: சில எண்கள்
தொடக்கம்: 2004 ஆகஸ்ட். 2007 ஏப்ரல் முதல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் பகுதி. 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷாவின் பகுதி.
யாருக்கு: 75 சதவீத இடங்கள் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைச் சமூகப் பெண்களுக்கு, மீதி 25 சதவீதம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களின் பெண்களுக்கு.
எங்கே: பெண்களின் எழுத்தறிவு தேசிய சராசரிக்குக் கீழே, ஆண் பெண் இடைவெளி சராசரிக்கு மேலே உள்ள ஒன்றியங்களில்.
தமிழ்நாட்டில்: 61 பள்ளிகள். உத்தரப் பிரதேசத்தில் 746.

எட்டாம் வகுப்பு என்ற பள்ளம்

இந்தத் திட்டத்தில் தொடக்கத்திலேயே ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பள்ளி ஆறாம் வகுப்பில் தொடங்கி எட்டாம் வகுப்பில் முடிந்தது. எட்டாம் வகுப்பை முடிக்கும் பெண்ணுக்கு வயது பதின்மூன்று, பதினான்கு. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் பாதுகாப்பும் பதினான்கோடு நின்றுவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும் அப்படித்தான். 2016 திருத்தத்துக்குப் பிறகும், பதினான்கிலிருந்து பதினெட்டுக்குள் உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் மட்டுமே அமர்த்தக் கூடாது. அதாவது பள்ளி, சட்டம் இரண்டும் ஒரே நாளில் அவளை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பின. அந்த வாசலில்தான் மில்லுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர் நின்றார்.

மூன்று ஆண்டுகள் எழுத்துக் கூட்டிப் படித்து, பெயரெழுதி, கணக்குப் போட்டு, மேடையேறிப் பேசக் கற்ற பெண்கள் அப்படிக் கைநழுவிப் போனதற்குக் கணக்கு எங்கும் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டுமானால் வேறொரு ஊரில் உயர்நிலைப் பள்ளி, வேறொரு விடுதி, புதிய வார்டன், மீண்டும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். படிக்காத பெற்றோருக்கு இதில் ஒவ்வொன்றும் ஒரு மலை. மில் விடுதிக்கோ இந்தத் தாள்கள் எதுவும் வேண்டாம். வயதுக்குச் சான்று கேட்டால் பல்லைப் பார்த்து எழுதித் தரும் மருத்துவச் சான்றிதழே பல காலம் போதுமானதாக இருந்தது.

2018இல் சமக்ர சிக்‌ஷா வந்தபோது கே.ஜி.பி.வி.க்களைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்த்தலாம் என்று விதி மாறியது. பதினான்கு ஆண்டுகள் தாமதமான திருத்தம்தான், ஆனாலும் இந்தத் திட்டத்தில் நடந்த மிக நல்ல காரியம் அதுவே. உயர்த்தப்பட்ட இடத்தில் எட்டாம் வகுப்பு முடித்த பெண் தன் பெட்டியை அதே அறையில் வைத்துவிட்டுப் பக்கத்து அரசுப் பள்ளிக்கு நடந்துபோய் வரலாம். அவளைத் தெரிந்த வார்டன், அவள் தலை பின்னிய படிக்கட்டு எல்லாம் அப்படியே இருக்கும்.

கேட்டுக்கு அந்தப் பக்கம்

தமிழ்நாட்டு நூற்பாலைகளில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் உள்ளவை கிராமத்து இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் முறையை 1990களின் இறுதியிலிருந்து பரவலாக்கின. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தம், முடிவில் மொத்தமாக 30,000 முதல் 50,000 ரூபாய் வரை. கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லப்பட்டதால் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர். ஊரில் ‘கேம்ப் கூலி’ என்றார்கள்.

ஆலைக்குள் நூல் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றை எப்போதும் ஈரமாகவும் வெப்பமாகவும் வைக்கிறார்கள். இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேசுவது கேட்காது. பஞ்சுத் துகள் இமையிலும் பின்னலிலும் படிகிறது. நூல் அறுந்த இடத்துக்கு ஓடி முடிச்சுப் போட்டு, அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். இது மூன்று ஷிப்டிலும் நடக்கிறது. நைட் ஷிப்ட் முடித்து வரும் பெண் பகலில் தூங்குகிறாள். அவள் எழுந்த பாயில் செகண்ட் ஷிப்ட் முடித்தவள் வந்து படுக்கிறாள்.

நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, இந்தியாக் குழு என்ற இரண்டு அமைப்புகள் 2011 மே மாதம் வெளியிட்ட அறிக்கை இந்த விடுதிகளை உலகத்துக்குக் காட்டியது. வெளியே போகத் தடை, வீட்டோடு பேசக் கட்டுப்பாடு, கட்டாய மிகைநேர வேலை, நடுவில் நின்றால் மொத்தத் தொகை கிடையாது என்பன அதில் பதிவாயின. 2014இல் வந்த இரண்டாவது அறிக்கையும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்றது. வெளிநாட்டு நிறுவனங்கள் கேள்வி கேட்டன. ஆலைச் சங்கங்கள் விடுதிகளுக்கு நெறிமுறை வகுத்தன. மூன்று ஆண்டு மொத்தத் தொகை என்ற பேச்சு குறைந்து மாதச் சம்பளம் வந்தது. விடுதி மட்டும் அப்படியே நின்றது.

எல்லா மில் விடுதிகளையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. கே.பி.ஆர். மில் போன்ற நிறுவனங்கள் பணியாளர்கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் வரை படிக்க விடுதியிலேயே வகுப்புகள் நடத்துகின்றன. வீட்டில் இருந்திருந்தால் பதினாறில் கல்யாணம் ஆகியிருக்கும் பெண்கள் இங்கிருந்து பட்டதாரிகளாக வெளியேறியதும் உண்மை. ஆனால் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தபின் படிப்பது வேறு, படிப்பதையே அன்றைய வேலையாகக் கொண்டிருப்பது வேறு. முதலாவது, தவறிப்போன ஒன்றை மீட்டெடுப்பது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டாவதுதான் உரிமை.

பணக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கே.ஜி.பி.வி. மாணவியின் உணவுக்கும் தங்கலுக்கும் திட்ட விதிகள் ஒதுக்கிய தொகை மாதம் 1,500 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு 54,000. புரோக்கர் அவள் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்த தொகைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மில்லோ அவளுடைய மூன்று ஆண்டு உழைப்பை எடுத்துக்கொண்டு அந்தத் தொகையைத் தந்தது. பள்ளி அதே அளவு பணத்தில் அவளைப் படிக்கவைக்கிறது. பெற்றோர் கண்ணில் மட்டும் இது தலைகீழாகத் தெரிகிறது. மில்லின் பணம் கையில் விழுகிறது, பள்ளியின் பணம் தட்டில் சோறாகக் கரைந்துபோகிறது.

[பெட்டிச் செய்தி]
விடுதிக்கும் சட்டம் உண்டு
2014 ஜூனில் பொள்ளாச்சியில், ஒரு விடுதியில் தங்கிப் படித்த இரண்டு சிறுமிகள் இரவில் தூக்கிச் செல்லப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பின் அதே ஆண்டு தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பெண்களையோ குழந்தைகளையோ தங்கவைக்கும் எந்த விடுதியும் உரிமம் இல்லாமல் நடக்கக் கூடாது. உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர். பள்ளி விடுதி, வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி எல்லாம் இதில் அடங்கும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். குற்றத்தை அறிந்தவர் புகார் செய்யாமல் இருப்பதும் அச்சட்டப்படி குற்றம்.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை

உறைவிடப் பள்ளியில் பிள்ளைகள் குறைவது பாட நாட்களில் அல்ல, விடுமுறைகளில். தீபாவளி, அரையாண்டு, பொங்கல், கோடை. விடுமுறை முடிந்த திங்கட்கிழமை வார்டன் பெயர்ப் பட்டியலோடு வாசலில் நிற்கிறார். முதல் நாள் எண்பது பேர் வருவார்கள். இரண்டாம் நாள் இன்னும் பத்துப் பேர். அதற்குப் பிறகு வராத ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை இருக்கும். பாட்டிக்கு உடம்பு சரியில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வயதுக்கு வந்துவிட்டாள், சீர் செய்ய வேண்டும். கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டு அக்காவோடு பனியன் கம்பெனிக்குப் பிசிர் வெட்டப் போனாள், கையில் கொஞ்சம் பணம் வந்தது, இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவாள்.

அந்த ஒரு மாதம் பெரும்பாலும் முடிவதில்லை.

வராத பிள்ளையைத் தேடிப் போவது வார்டனின் வேலைப் பட்டியலில் ஒரு வரிதான். நடைமுறையில் அது ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, மலையடிவாரத்தில் இறங்கி, மீதித் தூரம் நடந்துபோய், பூட்டிய வீட்டின் முன் நிற்பது. போகும் வழியில் கேட்டால் குடும்பமே கரும்பு வெட்டப் போய்விட்டது என்கிறார்கள். பர்கூர், கடம்பூர் மலைப் பக்கங்களில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பயிற்சி மையங்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வந்தன. 1988இல் தொடங்கிய அந்தத் திட்டம் சமக்ர சிக்‌ஷாவோடு இணைக்கப்பட்டு, மையங்கள் 2022இல் மூடப்பட்டன. பிள்ளைகளை வழக்கமான பள்ளிக்கு மாற்றுவது தாளில் சரியாக இருந்தது. ஆனால் மலையில் வழக்கமான பள்ளி எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதைத் தாள் கேட்கவில்லை.

கொரோனா காலம் இதே விடுமுறையை ஒன்றரை ஆண்டுக்கு நீட்டித்தது. 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. விடுதிப் பிள்ளைக்கு இணைய வகுப்பு என்பது பேச்சளவில்கூட இல்லை. அவர்களுக்குச் சொந்தமாக இருந்த ஒரே போன் வார்டனின் போன்தான். பள்ளி திறந்தபோது சிலருக்கு யூனிபார்ம் சின்னதாகிவிட்டது. சிலருக்குக் கழுத்தில் தாலி இருந்தது.

வார்டன் நிலைத்தால் பள்ளி நிலைக்கும்

ஒரு சிறிய உறைவிடப் பள்ளி நல்லதா இல்லையா என்பதை ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம்: வார்டன் எத்தனை ஆண்டாக இருக்கிறார்? கட்டடம், கம்ப்யூட்டர், சுவரில் ஓவியம் எல்லாம் அப்புறம். வார்டனும் ஆசிரியைகளும் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். இரவும் பகலும் பொறுப்பு, ஆனால் பணி நிரந்தரம் இல்லை. நிதி இரண்டு, மூன்று மாதம் தாமதமானால் மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்வதும் அவர்தான். கொஞ்சம் நல்ல வேலை கிடைத்ததும் அவர் போய்விடுகிறார். அவர் போன பிறகு வரும் விடுமுறைக்குப் பின் நான்கைந்து பெட்டிகள் திரும்பி வருவதில்லை.

மாதவிடாய் நாட்களை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது இன்னொரு சோதனை. பத்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ள கிராமப்புறப் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் தரும் திட்டம் தமிழ்நாட்டில் 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்குப் பதினெட்டுப் பாக்கெட். விடுதியில் நாப்கின் இருக்கும். அதை எரிக்கும் கருவி பழுதாகிக் கிடக்கும், அல்லது தண்ணீர் இருக்காது. பனியன் கம்பெனிகளில் வயிற்று வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயரில்லாத மாத்திரையைக் கொடுத்து வேலையைத் தொடரச் செய்ததை 2019இல் ஒரு செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. அந்த வலிக்குப் படுத்துக்கொள்ள ஒரு பாயும், சுடுதண்ணீரும், ‘இன்னிக்கு கிளாஸுக்கு வர வேண்டாம், படு’ என்று சொல்லும் ஒருவரும் இருப்பதுதான் பள்ளி விடுதிக்கும் மில் விடுதிக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசம் இல்லாத பள்ளி விடுதி தன் வேலையைச் செய்யவில்லை என்றே அர்த்தம்.

ஒன்றரை ஷிப்டுக்கு நடுவில் ஒரு வீடு

திருப்பூர் நகரத்துக்குள் கதை வேறு. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. தென் மாவட்டத்துக் குடும்பங்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்களும் இங்கே பிழைக்கின்றன. இந்த ஊரின் வேலைநேரக் கணக்கு ‘ஒன்றரை ஷிப்ட்’. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரை. டெலிவரி நெருங்கினால் இரண்டு ஷிப்ட்.

சாயங்காலம் நாலரைக்குப் பள்ளி விட்டு வரும் பெண்ணுக்கு லைன் வீட்டின் ஒற்றை அறைதான். அம்மா அப்பா வரும்வரை நான்கு, ஐந்து மணி நேரம் அவள் தனியாக இருக்கிறாள். தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்ப்பது, உலை வைப்பது எல்லாம் அவள்தான். பருவமடைந்துவிட்டால் பெற்றோருக்குப் பயம் தொற்றிக்கொள்கிறது. ‘வீட்டில் தனியாக இருப்பதற்கு எங்களோடு கம்பெனிக்கே வரட்டும், கண் முன்னால் இருப்பாள்’ என்ற முடிவு வறுமையால் மட்டும் எடுக்கப்படுவதில்லை. மகள் பத்திரமாக இருக்க வேறு இடமில்லை என்ற முடிவு அது. வடமாநிலத்துப் பிள்ளைக்கு மொழியும் சேர்ந்து தடையாகிறது.

உறைவிடப் பள்ளி வேண்டியது இந்தப் பெண்ணுக்கும்தான். ஆனால் கே.ஜி.பி.வி. விதி பார்ப்பது ஒன்றியத்தின் எழுத்தறிவு சதவீதத்தை. நாடு முழுவதும் 3,479 ஒன்றியங்கள் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 44. தொழில் வளர்ந்த பகுதி அந்தப் பட்டியலுக்குள் வருவது கடினம், ஏனென்றால் படிப்பை விட்ட பிள்ளை எந்த ஊர்க் கணக்கிலும் நிலையாக இருப்பதில்லை. விடுதி பிள்ளையின் சொந்த ஊரில் இருக்கிறது, அவளோ வேலை இருக்கும் ஊருக்கு வந்துவிட்டாள்.

மாநில அரசின் விடுதிகள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் விடுதிகளுக்கு 2025 ஜூலையில் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று ஒரே பெயர் சூட்டப்பட்டது. பள்ளி மாணவருக்கான உணவுப்படியும் 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆனது. அந்த 1,400ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 47 ரூபாய்கூட முழுதாக வராது. மூன்று வேளைக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்பதைத் திருப்பூரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டவர் எவரும் சொல்லிவிடுவார்.

பன்னிரண்டைத் தாண்டினால்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தங்கிப் படித்த பெண்ணுக்கு முன்னால் இன்று திறக்கும் கதவுகள் பத்தாண்டுக்கு முன் இல்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அதற்கு முன் இருந்தது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம். கல்யாணத்துக்கான உதவி கல்விக்கானதாக மாற்றப்பட்டது, சுமங்கலி என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த வட்டாரத்துக்குச் சிறிய மாற்றம் அல்ல. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது.

2024இல் பச்சமலையின் சின்ன இலுப்பூர் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு பெண்ணுக்குத் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் கிடைத்தது. அவருடைய பெற்றோர் கேரளத்தில் கூலி வேலை செய்பவர்கள். பெற்றோர் பிழைப்புக்காக மாநிலம் விட்டுப் போன வீட்டில் பெண் பிள்ளை படிப்பைத் தொடர முடிந்தது என்றால், அவள் பெட்டியை வைக்க ஓர் இடம் இருந்ததுதான் அதற்கு முதல் காரணம்.

செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. எட்டாம் வகுப்போடு நிற்கும் ஒவ்வோர் உறைவிடப் பள்ளியும் பன்னிரண்டு வரை உயர வேண்டும். வார்டனுக்கு நிரந்தரப் பணியும் நேரத்துக்குச் சம்பளமும் வேண்டும். விடுமுறைக்குப் பின் வராத பெண்ணின் பெயர் ஒரு வாரத்துக்குள் தொழிலாளர் துறைக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் போக வேண்டும். அவள் போகும் இடம் பெரும்பாலும் இதே நான்கைந்து மாவட்டங்களுக்குள் இருப்பதால் தேடுவது முடியாத காரியமல்ல. பனியன் தொழிலின் லாபத்தில் நடக்கும் இந்த ஊரில், ஒன்றரை ஷிப்ட் பெற்றோரின் மகள்களுக்குத் தனியே ஒரு விடுதி வேண்டும்.

உங்கள் தெருவில், உங்கள் லைன் வீட்டில், உங்கள் கம்பெனியின் செக்கிங் மேசையில் பதினெட்டு நிறையாத ஒரு பெண் ஜூன் மாதத்திலும் பள்ளிக்குப் போகாமல் இருந்தால், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.